அடித்தலும் திருத்தலும்

நிலம் வாங்கி விற்ற அநுபவமுள்ள குடும்பங்களில் பழைய கிரயப் பத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புரட்டிப் பார்க்கிறவர்கள், ஒரு பக்கத்தில் ஏதேனும் ஒரு சொல் அடிக்கப்பட்டோ, இரண்டு வரிகளுக்கு இடையில் ஓர் எண் நுழைக்கப்பட்டோ இருக்குமானால், அப்பக்கத்தின் அடியில் "அடித்தல் ஒன்று, திருத்தல் இரண்டு" என்று பத்திரம் எழுதியவர் கணக்குச் சொல்லியிருப்பதையும், அதன் கீழே எழுதிக்கொடுத்தவர் கையொப்பமோ கைநாட்டோ இட்டிருப்பதையும் காணலாம். வரிகளுக்கிடையே எழுதியது, வெற்றிடம், சுரண்டல், மாற்றம் ஆகிய இந்நான்கும் ஒப்பமிட்டு உறுதி செய்யப்படாத பத்திரத்தை ஏற்க மறுக்கும் அதிகாரத்தை, 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தன் 20-ஆம் பிரிவில் பதிவு அதிகாரிக்குக் கொடுத்திருக்கிறது. அரை ஏக்கர் புன்செய்க்கு எழுதிய காகிதத்துக்கு இவ்வளவு மரியாதை. எழுதியதை அடிப்பது மட்டுமல்ல, எழுதாமல் விட்ட வெற்றிடமும் சந்தேகத்துக்கு இடமானதே என்று அச்சட்டத்தை வகுத்தவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் பெரும்பாலும் வெற்றிடங்களைப் பற்றியதுதான்.

சென்னையில் காப்புரிமை ஆராய்ச்சித் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறவன் நான். ஒரு கண்டுபிடிப்பு புதியதுதானா, அதை உற்பத்தி செய்தால் வேறொருவருடைய உரிமையில் கைவைத்ததாகுமா, ஒரு துறையில் மற்றவர்கள் எந்தத் திசையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு, உலகத்துக் காப்புரிமை அலுவலகங்கள் பிரசுரித்திருக்கும் கோடிக்கணக்கான பத்திரங்களுக்குள் புகுந்து விடை தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. முற்காலத்தில் காகிதக் கட்டுகளைப் புரட்டிச் செய்த அந்த வேலையை இப்போது மென்பொருள்களின் துணையால் செய்கிறோம். அந்த மென்பொருள்களில், பார்வைக்கு மிகவும் அற்பமாகத் தோன்றுகிற ஓர் அங்கத்தைப் பற்றித் தொழிலுக்கு வெளியே இருக்கும் வாசகர்களிடமும் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். 2023-24 நிதியாண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் நம் நாட்டில் வழங்கப்பட்டிருக்கின்றன. சர்வகலாசாலைகளும் அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களும் பொதுப் பணத்தைக் கொண்டு விண்ணப்பங்களைத் தாக்கல் செய்துவருகின்றன. ஆகவே அந்த அற்பமான அங்கத்தில் காட்டப்படும் அசிரத்தை இனி எங்கள் தொழிலுக்குள் அடங்கிய குறையாக இருக்கப் போவதில்லை.

காப்புரிமைப் பத்திரம் ஒன்றின் முதற்பக்கத்தைப் பார்த்தவர்கள், அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு சிறிய எண் அச்சிடப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பார்கள். 54 என்றால் கண்டுபிடிப்பின் தலைப்பு, 72 என்றால் கண்டுபிடித்தவர், 71 விண்ணப்பம் செய்தவர், 73 உரிமை பெற்றவர், 22 தாக்கல் செய்த தேதி, 51 பொருளின் வகையைச் சொல்லும் குறி, 57 சுருக்கம். ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூட அறியாத ஒருவர், டோக்கியோவில் அச்சான பத்திரத்தைக் கையில் எடுத்து, 72 என்ற எண்ணுக்கு எதிரே இருப்பவர்தாம் அதைக் கண்டுபிடித்தவர் என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு சுமார் 60 விவரங்களுக்கு இவ்விதம் எண்களை வகுத்துக் கொடுத்திருக்கிறது. எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்த விவரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வாங்கும்போதே அதில் அமைந்திருக்கும்.

இவை ஊருக்குப் பொதுவான கட்டங்கள். இவற்றுக்கு அப்பால், ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் தேவைக்கு ஏற்பத் தானே சேர்த்துக்கொள்ளும் கட்டங்கள் உண்டு. தொழிலில் அவற்றைக் 'கஸ்டம் ஃபீல்டு' என்கிறோம். இங்கே சொந்தக் கட்டங்கள் என்று அழைப்போம். இந்தப் பத்திரம் நம் ஆராய்ச்சிக்கு எவ்வளவு நெருக்கமானது, நம்முடைய எந்தச் சரக்கோடு சம்பந்தப்பட்டது, இதைப் படித்து முடிவு சொன்னவர் யார், நம்முடையதாக இருந்தால் வருகிற ஆண்டும் கட்டணம் செலுத்திக் காப்பாற்றுவதா, கைவிட்டுவிடுவதா என்பன போன்ற நிர்ணயங்களெல்லாம் அந்தக் கட்டங்களில்தான் வந்து தங்குகின்றன. பெயர் வைக்க ஒரு நிமிஷம், சேர்க்க ஒரு சொடுக்கு. அவ்வளவு எளிதாகப் பிறப்பதனாலேயே அவற்றுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

என்னுடைய அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. பொதுக் கட்டத்தில் உள்ள விவரம் அழிந்துபோனால் அதை உரிய அலுவலகத்திலிருந்து நாளைக்கே மறுபடியும் தருவித்துக்கொள்ளலாம். சொந்தக் கட்டத்தில் உள்ள விவரம் அழிந்துபோனால் அதைத் தருவிப்பதற்கு உலகத்தில் வேறு இடமே இல்லை. முன்னதில் இருப்பது செய்தி. பின்னதில் இருப்பதோ, விஷயம் அறிந்த ஒரு மனிதர் நாற்பது பக்கங்களைப் பொறுமையாகப் படித்து, கோரிக்கைகளைச் சொல் சொல்லாக எடைபோட்டு, கடைசியில் ஒரே வார்த்தையாகச் சுருக்கி வைத்த தீர்ப்பு. ஆகவே மென்பொருளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சந்தா செலுத்தும் ஒரு ஸ்தாபனத்துக்கு அதில் உண்மையான சொத்து எது என்று கேட்டால், சந்தா கட்டிப் பெறுகிற கோடிக்கணக்கான பத்திரங்களைச் சொல்லமாட்டேன். தன் ஆட்கள் நிரப்பிய சில ஆயிரம் கட்டங்களையே சொல்வேன்.

இந்த ஞானம் எனக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், லித்தியம் அயனி பாட்டரியில் இரு மின்முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பிரித்து வைக்கும் மெல்லிய சவ்வைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றை எடுத்திருந்தோம். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் பிறக்கும் பத்திரங்களின் தொகுதியைக் குடும்பம் என்போம். ஏறத்தாழ 4,200 காப்புரிமைக் குடும்பங்கள், மூன்று பேர், மூன்று மாத வேலை. 'தொடர்பு' என்று ஒரு சொந்தக் கட்டம் அமைத்து, அதில் உயர்வு, நடு, தாழ்வு என்ற மூன்றில் ஒன்றை ஒவ்வொருவரும் படித்துப் படித்து இட்டுவந்தோம். வேலை முடியும் தறுவாயில், புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தன் பங்கைத் தனியாக எக்செல் தாளில் நிரப்பி வைத்திருந்ததை மொத்தமாக ஏற்றினான். அந்தத் தாளில் 4,200 வரிசைகளும் இருந்தன; அவன் பங்குக்கு மட்டும் குறி இருந்தது; மற்றவை வெறுமையாக இருந்தன. ஏற்றும்போது, வெற்றுக் கட்டங்களையும் மேலெழுதலாமா என்று மென்பொருள் ஒழுங்காகத்தான் கேட்டது. அவன் சம்மதம் கொடுத்துவிட்டான். 2,600 தீர்ப்புகள் ஒரு கணத்தில் மறைந்தன.

அதைவிடக் கொடுமை, அது மறைந்த செய்தி ஒன்பது நாட்கள் வரை ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. அறிக்கைக்குப் படம் வரையும்போது, உயரமாக எழவேண்டிய ஒரு பட்டை குட்டையாக நிற்பதைக் கண்டுதான் விழித்துக்கொண்டோம். "வெத்துக் கட்டம்தானே சார், அதுல என்ன போயிடப் போகுதுன்னு ஓகே குடுத்துட்டேன்" என்று அந்தப் பையன் கண் கலங்கி நின்றான். "தம்பி, வெத்தா இருந்தது உன் தாள்ல. அங்கே மூணு மாசமா எழுதி வெச்சிருந்தாங்கப்பா" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. மின்னஞ்சல் ஒன்றில் ஒட்டிக்கிடந்த ஒரு மாதத்துக்கு முந்தைய பிரதியிலிருந்து 1,900 குறிகளை மீட்டோம். மீதி 700 குடும்பங்களை இரவும் பகலுமாக மறுபடி படித்தோம். குற்றம் அவனுடையதன்று. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று திறந்துவைத்திருந்ததும், ஏற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தாததும் பெரியவர்களாகிய எங்கள் குற்றம்.

அன்று முதல் வெற்றிடத்தைக் கண்டால் எனக்கு ஒரு பயம். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்றால் அதற்கு எத்தனை அர்த்தங்கள்! யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருளாகலாம். பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று பொருளாகலாம். பார்த்தார்கள், முடிவுக்கு வர இயலவில்லை என்று பொருளாகலாம். எழுதியிருந்தது அழிந்துவிட்டது என்றும் பொருளாகலாம். இந்த நான்கையும் ஒரே வெறுமைக்குள் அடக்கி வைத்துவிட்டு, பின்னால் வருகிறவர் அதை 'ஒன்றுமில்லை' என்று படித்துக்கொண்டால், அதன் பலன் ஒருநாள் நீதிமன்றத்தில் வந்து நிற்கும். ஆகவே 'பார்க்கவில்லை' என்பதையும் 'பார்த்தேன், இல்லை' என்பதையும் தனித்தனிச் சொற்களாகவே எழுதிவிட வேண்டும் என்பது சொந்தக் கட்ட விவகாரத்தில் முதல் ஒழுக்கம்.

மொத்தமாக ஏற்றுகிற வேலையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எந்தக் குறி எந்தப் பத்திரத்துக்குரியது என்பதை மென்பொருள் பத்திரத்தின் எண்ணைக் கொண்டுதான் அறிகிறது. அந்த எண்ணோ இடத்துக்கு இடம் வேஷம் மாறுகிறது. அமெரிக்க அலுவலகம் தன் விண்ணப்பப் பிரசுரங்களுக்கு நான்கு இலக்க ஆண்டும் அதன் பின் ஏழு இலக்கமுமாக எண் இடுகிறது. ஐரோப்பிய அலுவலகத்தின் தொகுப்பில் அதே பத்திரம், ஆண்டுக்குப் பின் வரும் முதல் பூஜ்யம் நீங்கி ஆறு இலக்கத்தோடு காட்சி தருகிறது. இரண்டு இடங்களிலும் எடுத்த பட்டியல்களைச் சேர்த்து ஏற்றினால், பூஜ்யம் இருக்கிற பத்திரம் வேறு, இல்லாத பத்திரம் வேறு என்று எண்ணிக்கொண்டு, மென்பொருள் பாதித் தீர்ப்புகளை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். எக்செல் தாளின் குறும்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, தாளில் தட்டெழுதியவுடன் மார்ச்சு மாதத் தேதியாகவும் செப்டம்பர் மாதத் தேதியாகவும் மாறிப்போய்க்கொண்டிருந்த சில மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களையே 2020-இல் மாற்றி அமைக்க நேர்ந்தது என்றால், ஒரு மென்பொருளின் பழக்கதோஷம் விஞ்ஞானத்தின் பெயர்களையே வளைத்துவிட்டது என்றல்லவா அர்த்தம்?

நம்மவர் பெயர்களின் கதை இதைவிடச் சுவாரஸ்யமானது. சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் 'என்' வைத்து முடிக்கிறவர் ஒருவர், 'எம்' வைத்து முடிக்கிறவர் ஒருவர், நடுவில் ஓர் 'எச்' சேர்க்கிறவர் மற்றொருவர். பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இட்டுக்கொள்வது நம் சம்பிரதாயம். அந்நிய நாட்டு விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது. உடனே அந்த ஒற்றை எழுத்து விரிந்து முழுப் பெயராகிக் குடும்பப் பெயரின் ஸ்தானத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்டுபிடித்தவரைத் தேடிப் போனால் அவருடைய தகப்பனார் வந்து நிற்கிறார். ஊரின் பெயரும் அப்படியே: 1996-க்கு முந்தைய பத்திரங்களில் மெட்ராஸ், பிந்தையவற்றில் சென்னை, ஆனால் இன்றைக்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது மெட்ராஸ். எனவே 'சரிபார்த்த பெயர்' என்று ஒரு சொந்தக் கட்டம் இல்லாமல் ஓர் ஆராய்ச்சியாளருடைய கண்டுபிடிப்புகளை முழுமையாக எண்ணுவதுகூட அசாத்தியம். அந்தக் கட்டத்தைப் பக்கத்தில் சேர்க்க வேண்டுமே அல்லாது, அலுவலகம் கொடுத்த மூலத்தின் மேல் கைவைத்துத் திருத்திவிடக் கூடாது. மூலம் பிழையாக இருந்தாலும் மூலமே. பிழையான மூலமும் சரியான குறிப்பும் அருகருகே இருக்கும்போதுதான், திருத்தியவர் திருத்தியது சரிதானா என்று நாளைக்கு ஒருவர் சோதிக்க முடியும்.

கட்டத்துக்குள் என்ன எழுதலாம் என்பதை எழுதுகிறவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஐந்து ஆண்டு பழக்கத்தில் இருந்த ஒரு தொகுப்பில், ஒரே கருத்துக்கு 'உயர்வு' என்றும், 'உயர்ந்தது' என்றும், 'ஹை' என்றும், 'முக்கியம்' என்றும், வெறுமே 1 என்றும் எழுதியிருந்தார்கள். அதில் 'உயர்வு' என்பதே இரண்டு வரிசையாகப் பிரிந்து கிடந்தது. உற்றுப் பார்த்தால், ஒன்றின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. மனிதனுக்கு ஒன்றாகத் தோன்றுவது இயந்திரத்துக்கு இரண்டு. தேர்ந்தெடுக்க வேண்டிய சொற்களைப் பட்டியலாக அமைத்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியத்தில் விளக்கமும், ஒரு பத்திரத்தை உதாரணமாகவும் எழுதி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் பிறந்தே இருக்காது.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி வெளியூரில் இல்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், ஒரு நூலை ஒரே அலமாரிக்குள் திணிப்பதை விட்டு, அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் குறி கொடுத்து, அவற்றை முக்காற்புள்ளியால் இணைக்கும் பகுப்பு முறையை 1933-இல் உலகத்துக்குக் கொடுத்தார். லண்டன் கடை ஒன்றில் கண்ட மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமான், துண்டுகளை இணைத்து எதையும் கட்டலாம் என்ற யோசனையை அவருக்கு அளித்ததாகச் சொல்வார்கள். இன்று ஒரு காப்புரிமைக்கு 'பொருள்', 'செய்முறை', 'பயன்', 'நாடு', 'காலம்' என்று தனித்தனிச் சொந்தக் கட்டங்களை அமைக்கிறவர், அறிந்தோ அறியாமலோ அவருடைய மாணவரே. பகுக்கும் முகங்கள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதே அந்த முறையின் உயிர்நாடி. 'மலிவானது, இந்தியாவில் உள்ளது, படிக்க வேண்டும்' என்று மூன்று சம்பந்தமற்ற செய்திகளை ஒரே கட்டத்தில் எழுதி வைப்பவர் அந்த உயிர்நாடியைத்தான் அறுக்கிறார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஜீவன் என்பது ரங்கநாதனுடைய ஐந்தாம் விதியின் கருத்து. கட்டங்களின் தொகுதியும் அத்தகையதே.

வளர்வது மாறும்; மாறுவதை எப்படி மாற்றுவது? இதற்குச் சர்வதேசக் காப்புரிமைப் பகுப்பு முறையே ஓர் அழகான பாடம் வைத்திருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1971-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நடந்துவரும் அந்தப் பகுப்பில் எட்டுப் பெரும் பிரிவுகளும் 70,000-க்கு மேற்பட்ட உட்பிரிவுகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியன்று அதன் புதிய பதிப்பு அமலுக்கு வருகிறது. ஒரு பிரிவு இரண்டாகப் பிரியும்போது, இனி வருகிற பத்திரங்களுக்கு மட்டும் புதிய குறி என்று விட்டுவிடுவதில்லை. பழைய பத்திரங்களையும் எடுத்து மறுபடி பகுக்கும் ஏற்பாடு உண்டு. அதைவிட முக்கியம், பத்திரத்தின் முதற்பக்கத்தில் வகைக்குறியின் பக்கத்தில் 2006.01 என்பதுபோல ஒரு சிறு எண் அச்சாகியிருக்கும். இந்தக் குறி இந்த அர்த்தத்தில் இந்த ஆண்டின் இந்த மாதத்திலிருந்து வழங்குகிறது என்பதற்கு அது சாட்சி. சொல்லின் அர்த்தத்துக்கே தேதி போட்டுவிட்டார்கள்! நம்முடைய ஸ்தாபனங்களிலோ, 'உயர்வு' என்ற சொல்லுக்கு முந்தின ஆண்டு ஓர் அளவுகோலும் இந்த ஆண்டு வேறோர் அளவுகோலும் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே கட்டத்தில் கொட்டி, அதன் மேல் ஒரு படத்தை வரைந்து, போட்டி அதிகரித்துவிட்டது என்று அறிக்கை எழுதுகிறோம். அதிகரித்தது போட்டியா, நம் தாராளமா என்பதை யார் சொல்வது?

சொந்தக் கட்டத்தைச் சிரத்தையுடன் வளர்த்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் மிசிசிப்பிச் சர்வகலாசாலையின் மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்ததும், நம்முடைய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்வித்ததும் பலரும் அறிந்த சரித்திரம். அதன் பின் நடந்ததைத்தான் பலர் அறியார். ஒவ்வொரு மூலிகைக்கும் ஒவ்வொரு வழக்கு நடத்திக்கொண்டிருக்க முடியாது; பரிசோதிக்கும் அதிகாரியின் கண்ணில் நம் நூல்கள் படவேண்டும்; படவேண்டுமானால் அவற்றைத் தேடுவதற்கு ஏற்ற கட்டங்கள் வேண்டும். அப்போதைய சர்வதேசப் பகுப்பிலோ மூலிகை மருந்துகளுக்கு இருந்த இடம் மிகக் குறுகியது. ஆகவே 2001-இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தார், ஆயுர்வேத நூல்களையும் பிறகு யுனானி, சித்த வைத்திய நூல்களையும் பகுப்பதற்குத் தங்களுக்கென்று ஆயிரக்கணக்கான உட்பிரிவுகள் கொண்ட ஒரு பகுப்பை வகுத்துக்கொண்டார்கள். அந்தச் சொந்தப் பகுப்பு சர்வதேசச் சபையில் விவாதிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏ61கே 36 என்ற குறியின் கீழ் தாவர மருந்துகளுக்கென்று சுமார் 200 உட்பிரிவுகள் இடம்பெற்றன. நமக்காக நாம் வரைந்துகொண்ட கட்டம் உலகத்தின் கட்டமாயிற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை, ஒவ்வொரு பதிவுக்கும் நூல் ஆதாரம், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர் என்ற ஒழுங்கு இல்லாமல், மனம் போனபடி நிரப்பிய தாள்களாக அவை இருந்திருந்தால், அந்தச் சர்வதேசச் சபையில் அவற்றை ஒருவர் திரும்பிப் பார்த்திருப்பாரா?

இனி அசிரத்தையின் விலைக்கு ஓர் உதாரணம். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக வழங்கப்படுவது. ஒரே கண்டுபிடிப்புக்கு இந்தியாவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று என்று பல பத்திரங்கள் பிறந்து, ஒரு குடும்பமாக மென்பொருளில் தொகுக்கப்படுகின்றன. ஒரு கல்வி ஸ்தாபனத்தில், ஜப்பானியப் பத்திரத்துக்கு இனிக் கட்டணம் செலுத்த வேண்டாம் என்று குழு கூடி முடிவு செய்தது, முடிவு சரியானதே. அதைப் பதிந்தவர் 'கைவிடலாம்' என்று எழுதிய கட்டமோ, பத்திரத்துக்கு என்று அமைந்ததாக இல்லாமல் குடும்பத்துக்கு என்று அமைந்திருந்தது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டு வந்தவர் குடும்பம் முழுவதும் 'கைவிடலாம்' என்று இருப்பதைப் பார்த்து, இந்தியப் பத்திரத்தின் கட்டணத்தையும் நிறுத்திவிட்டார், உரிமை காலாவதியாயிற்று. நம் காப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, காலாவதியான நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் விண்ணப்பித்து, தவறு வேண்டுமென்று நேர்ந்ததன்று என்று ருசுப்படுத்தினால் உரிமையை மீட்டுக் கொடுக்க வழி செய்திருக்கிறது. நல்ல காலமாக அந்தக் கெடுவுக்குள் விழித்துக்கொண்டு, பிரமாணப் பத்திரங்களும் அபராதக் கட்டணமுமாக அலைந்து மீட்டார்கள். பேராசிரியர் ஒருவருடைய பத்தாண்டு உழைப்பு, ஒரு சொல்லைத் தவறான படியில் எழுதியதனால் பொதுச்சொத்தாகிவிட இருந்தது. அந்தச் சொல்லின் பக்கத்தில் யார் எழுதியது, எந்தத் தேதியில், எந்தப் பத்திரத்தைக் குறித்து என்ற மூன்றும் இருந்திருந்தால் இரண்டாமவர் ஒரு நிமிஷம் தயங்கியிருப்பார். அந்தத் தயக்கம்தான் வேண்டியது.

இவ்வளவு கட்டுப்பாடு வைத்தால் வேலை எப்படி நடக்கும் என்று என் இளைய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிந்தனை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மனத்தில் தோன்றுவதையெல்லாம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கென்று 'குறிப்பு' என்ற பெயரில் ஒரு கட்டத்தைத் திறந்தே வைத்துவிடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்தக் கட்டத்தை எண்ணிப் படம் வரையாமல் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை அக்குறிப்புகளைப் படித்துப் பார்த்து, அடிக்கடி வருகிற எண்ணத்துக்குத் தனிக் கட்டமும், யாரும் தொடாத கட்டத்துக்கு ஓய்வும் கொடுக்கலாம். ஓய்வு என்றேன், அழிப்பு என்று சொல்லவில்லை. பூட்டி ஒதுக்கி வைத்தால் இடத்தை அடைக்கப் போவதில்லை. அழித்துவிட்டால் பழைய அறிக்கைகளின் ஆதாரம் அதோடு போயிற்று.

வேறு சிலர், இனிக் கட்டங்களை நிரப்பும் வேலையையே செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், உமது கவலை பழங்காலத்துக் கவலை என்று சொல்லக்கூடும். கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டால், ஆயிரம் பத்திரங்களுக்கும் அரை மணி நேரத்தில் விடை நிரப்பிக் கொடுக்கும் வசதி இப்போது வந்துகொண்டிருப்பது உண்மைதான். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், அது படிக்கும் வேகத்தைக் கண்டு வியக்கவும் செய்கிறேன். ஆனால் அதனால் என் கவலை குறையவில்லை. ஆயிரம் மடங்கு பெருகுகிறது. மனிதர் எழுதிய 'உயர்வு' என்பதும் இயந்திரம் எழுதிய 'உயர்வு' என்பதும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால், பிறகு பாலையும் நீரையும் பிரிக்க அன்னப் பறவையைத்தான் தேட வேண்டும். இயந்திரத்தின் விடைக்குத் தனிக் கட்டம். அதன் பக்கத்தில் எந்த இயந்திரம், எந்த நாள், என்ன கேள்வி என்ற விவரம். அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட மனிதருக்கு வேறொரு கட்டம். இந்தப் பிரிவினை இருக்குமானால் இயந்திரம் நமக்குச் சிறந்த குமாஸ்தா. இல்லையென்றால், தீர்ப்பு எழுதியவர் யார் என்று தெரியாத நீதிமன்றமாக நம் தொகுப்பு ஆகிவிடும்.

பொதுப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனங்களுக்கு என் விண்ணப்பம் மூன்றே. சர்வகலாசாலைகளிலும் அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ள அறிவுசார் சொத்துப் பிரிவுகள், தங்கள் மென்பொருளில் உள்ள ஒவ்வொரு சொந்தக் கட்டத்துக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போகும்போது அலமாரிச் சாவியை ஒப்படைப்பதுபோல அந்தக் கட்டங்களின் விளக்கத்தையும் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில், விலையைப் பேரம் பேசுகிற சிரத்தையில் பாதியையாவது, சந்தா முடிந்தால் சொந்தக் கட்டங்களும் அவற்றின் மாறுதல் வரலாறும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண வடிவத்தில் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்குச் செலவிட வேண்டும். நம்முடைய தீர்ப்புகள் இன்னொருவர் வீட்டில் அடகாக இருக்கக் கூடாது. காப்புரிமைச் சட்டத்தை மாணவர்களுக்குப் போதிக்கிற இடங்களில், பிரிவு எண்களோடு சேர்த்து, ஒரு தீர்ப்பைப் பதிவதும் திருத்துவதும் எப்படி என்பதையும் ஒரு வாரமாவது போதிக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலையில், அந்த வாரத்தில் சொந்தக் கட்டங்களில் நேர்ந்த மாறுதல்களையெல்லாம் ஒரு தாளில் அச்செடுத்து, எத்தனை புதிதாக எழுதியது, எத்தனை மாற்றியது, எத்தனை வெறுமையாக்கியது என்று எண்ணி, பொறுப்பாளர் அதன் அடியில் கையெழுத்திடுகிறார். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கணக்கை எதற்குக் காகிதத்தில் போட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், நான் மறுப்பதில்லை. ஆனால் கையெழுத்திடப் போகிற மனிதர், மூன்றாவது எண்ணை மட்டும் இரண்டாம் முறை பார்க்காமல் பேனாவைத் திறப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த எண் 41 என்று இருந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பக்கத்து மேஜைக்காரரிடம், "இந்த நாற்பத்தொண்ணை நீங்கதானே காலி பண்ணினீங்க? எதுக்குன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேட்டார். காரணம் இருந்தது, எழுதிக்கொண்டார், பிறகே ஒப்பமிட்டார்.